வல்மொரேனுக்குப் போன கடிதங்கள்

பவுசியா எங்கள் நகராட்சி ஆபீசுக்கு முதன்முதலாக வந்தது வீட்டு வரியைப் பெயர் மாற்றுவதற்காக. 2005ஆம் வருஷம், ஆடி மாதம். மாமனார் மௌத்தாகி, வீடு அவள் புருஷன் அப்துல் நாசர் பெயருக்கு வந்திருந்தது. நாசர் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அதனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே அலைந்தாள். நாலாவது தடவை வந்த அன்றைக்கு, "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்லி என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

என் பெயர் சந்தனம். செம்பாறைக்கோட்டை நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் தபால் பார்த்தவன். வருகிற கடிதத்துக்கு நம்பர் போட்டுப் பிரித்துக் கொடுப்பது, போகிற கடிதத்தை ஒட்டி அனுப்புவது, இதுதான் வேலை. அன்றைக்கு என் மேசையில் ஒரு கடிதம் பன்னிரண்டு நாளாகக் கிடந்தது. வெளிநாட்டு ஸ்டாம்பு. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு காலேஜ் வாத்தியாரிடம் கொடுத்தனுப்பியும் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பெஞ்சிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அது பிரெஞ்சு. படிக்கட்டுங்களா?"

குழந்தையை என் மேசை மேலேயே உட்கார்த்திவிட்டு, நின்றபடி படித்தாள். ஒரு வரி பிரெஞ்சில், உடனே தமிழில். ரேஷன் கார்டைப் படிக்கிற மாதிரி சாதாரணமாகப் படித்தாள். அவள் பிறந்தது காரைக்காலில். வாப்பாவுக்கு சோடாக் கடை. அவர்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். தாங்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் அவர்கள் பிரான்சுக்கு எழுதியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்த பவுசியாதான் பன்னிரண்டு வயசிலிருந்து அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்தவள்.

கடிதம் வல்மொரேன் என்ற ஊரிலிருந்து வந்திருந்தது. பிரான்சின் மேற்குக் கரையோரம் ஒரு சின்ன நகரம். எழுதியவர் ஒதீல் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போன வருஷம் தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா வந்தபோது, எங்கள் பெரிய கண்மாய்க்கு அங்கிட்டு தைல மரக் காட்டுக்குள் இருக்கிற கல்வட்டங்களைப் பார்த்திருக்கிறார். செத்தவர்களைப் புதைத்து ஆதிகாலத்து ஆட்கள் நட்டுவைத்த கற்கள். அதே மாதிரி நட்ட கற்கள் அவர் ஊரிலும் இருக்கிறதாம். இரண்டு ஊரும் சகோதர நகரங்களாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டிருந்தார்.

சேர்மன் ரெங்கராஜுக்கு இது புது விஷயம் இல்லை. 1997இல், அவருக்கு முந்தின சேர்மன் காலத்தில், மலேசியாவில் ஒரு ஊரோடு இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தோம். திருமயம் பக்கத்து நகரத்தார் குடும்பம் ஒன்றுக்கு அங்கே எஸ்டேட் இருந்தது. அந்த வீட்டுப் பெரியகருப்பன் செட்டியார் ஏற்பாடு செய்து கொடுத்தார். அங்கிருந்து ஆறு பேர் வந்தார்கள், ஷீல்டு மாற்றிக்கொண்டோம், மத்தியானம் விருந்து. அப்புறம் மூன்று வருஷம் பொங்கல் வாழ்த்து வந்தது. நாலாவது வருஷம் அதுவும் இல்லை. இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு நுழைவில் அந்த ஊர்ப் பெயரைப் போர்டில் எழுதி வைத்திருந்தோம்.

சேர்மன் பவுசியாவைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஒப்பந்தத்துக்கு அவுங்க ஊர்ல என்னம்மா பேரு?"

"ஜுமெலாஜ்ங்க. ரெட்டைப் புள்ளைகன்னு அர்த்தம் வரும்."

"நல்லாருக்கே. ஒரு பதில் எழுது."

வீட்டு வரி அன்றைக்கே பெயர் மாறிவிட்டது. அடுத்த மாதம் பவுசியாவுக்குத் தினக்கூலியில் ஒரு வேலையும் கிடைத்தது. பேருக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பிறப்புச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பாள். பிரான்சுக்கும் எழுதுவாள். ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியில் தபாலிலேயே கையெழுத்தானது.

முதல் இரண்டு கடிதத்துக்கும் சேர்மன் வாயால் சொன்னார். "இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா" என்ற அளவில் இருக்கும். மூன்றாவதற்கு அவருக்கு அலுத்துவிட்டது. "நீயே எழுதிக்கம்மா. ஊர்ப் பேரு கெடாம இருந்தாப் போதும்" என்று சொல்லி வெறும் லெட்டர்பேடில் பத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒதீலோ கெட்டிக்காரி. கடிதம் எழுதுவது ஒரு பெண் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். எங்கள் கமிட்டியில் பெண்கள் அதிகம், உங்கள் ஊரிலும் ஒரு பெண் பொறுப்பெடுத்து எழுதினால் சந்தோஷப்படுவேன் என்று எழுதினார். கவுன்சில் கூடி, மகளிர் துணைக்குழு ஒன்று அமைத்துத் தீர்மானம் போட்டது. தலைவி, சேர்மனின் மனைவி சத்யபிரியா. அதிலிருந்து கடிதங்கள் எல்லாம் சத்யபிரியா பெயரில் போயின.

பவுசியா முதலில் தமிழில் ஒரு நகல் எழுதுவாள், அதைச் சேர்மன் பார்த்து டிக் போட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் பார்ப்பதில்லை. நான்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டு என் பீரோவில் ஒரு பழைய அட்டைக்குள் போட்டு வைப்பேன். கீரமங்கலம் பூச்சந்தையில் விடிவதற்கு முன்னால் மல்லிகை விலை கூவுவது, செம்மண் தரையில் முதல் மழை விழுந்தால் ஓடை ரத்தம் மாதிரி ஓடுவது, முந்திரிக் கொட்டை சுடுகிற பெண்களின் விரலில் தோல் உரிவது என்று நாலு பக்கம், ஐந்து பக்கம் போகும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் பார்க்காததை எல்லாம், கல்யாணமாகி வந்த அந்தப் பொண்ணு பார்த்து எழுதியிருந்தது. ஒதீலும் அதே மாதிரி பதில் எழுதுவார். புருஷனுக்கு ஞாபக மறதி வந்து தன்னையே யார் என்று கேட்கிறார் என்று அந்தம்மா எழுதியபோது, பதில் எழுத பவுசியாவுக்கு ஒன்பது நாள் ஆனது.

"இத சத்யபிரியா அம்மாகிட்டக் காட்டுனியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காட்டுனேன்ணே. கையெழுத்து எங்க போடணும்னு கேட்டாங்க."

2008இல் முதல் பயணம். வல்மொரேன் மேயர் கூப்பிட்டிருந்தார். ஐந்து பேர் போகலாம். சேர்மன், சத்யபிரியா, இரண்டு கவுன்சிலர், ரோடு போடுகிற கான்ட்ராக்டர் ஒருவர். மொழி தெரிந்தவள் தானே, எப்படியும் சேர்த்துக்கொள்வார்கள் என்று பவுசியா நம்பினாள். திருச்சிக்கு மூன்று தடவை போய் பாஸ்போர்ட் எடுத்தாள். மாமியாரைச் சம்மதிக்க வைத்தாள். நாசரிடம் போனில் அனுமதி வாங்கினாள். பட்டியல் ஒட்டிய அன்றைக்குச் சேர்மன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"தினக்கூலிய கூட்டிக்கிட்டுப் போனா ஆடிட்ல கேப்பாங்கம்மா. அங்க அவுங்களே ஆள் வச்சிருக்காங்க" என்றார் ரெங்கராஜ். "அப்புறம் ஒண்ணு. போறதுக்கு முன்னாடி ஒரு கடிதம் போடணும். எனக்குப் பிரெஞ்சு எழுத வரும், பேச வராது, கூச்சமா இருக்கும்னு சத்யபிரியா எழுதுற மாதிரி."

அந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதினாள். நகலை என்னிடம் கொடுத்தாள். ஒரே பத்திதான் இருந்தது.

போனவர்கள் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். எழுதுகிற கைக்குக் குளிரக் கூடாதென்று ஒதீல் தன் கையாலேயே பின்னிய கம்பளிச் சால்வை ஒன்றைச் சத்யபிரியாவுக்குக் கொடுத்திருந்தார். உடம்பு அரிக்கிறது என்று சத்யபிரியா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் ஆபீஸ் ஜீப்பின் முன் சீட்டில் அதை விரித்திருந்தார்கள். பவுசியா அந்தப் பக்கம் போகும்போது ஜீப்பைப் பார்க்காமல் போவாள்.

2010 பங்குனியில் அப்துல் நாசர் தம்மாமில் இறந்துபோனார். மூணாவது மாடியில் ஏசி மாட்டும்போது சாரம் சரிந்துவிட்டது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். அவளுக்கு வயசு இருபத்தொன்பது. மகள் ஜெய்னப் ஒண்ணாம் வகுப்பு முடிக்கவில்லை. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். பவுசியா இருந்தாள்.

அந்த நாலு மாதமும் பிரான்சுக்குக் கடிதம் நிற்கவில்லை. "வீட்டுல சும்மாதானே இருக்கு, எழுதி வாங்கிட்டு வாங்க" என்று சேர்மன் என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் போய் வாசலில் நிற்பேன். மாமியார் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொள்வார். மூன்றாம் நாள் போனால் பதில் தயாராக இருக்கும். கதவுக்குப் பின்னால் இருந்து "நல்லாருக்கீங்களாண்ணே" என்று மட்டும் குரல் வரும்.

அதில் ஒரு கடிதத்தை மட்டும் நான் மறக்க முடியாது. சத்யபிரியாவுக்குப் புருஷன் இருக்கிறாரே, விதவை என்று எழுத முடியாது. அதனால் வேறு ஒருத்தியின் கதையாக எழுதியிருந்தாள். "எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் வெளிநாட்டில் இறந்துவிட்டான். அவனை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டார்கள். அவனுடைய பெட்டி மட்டும் வந்தது. பெட்டிக்குள் மகளுக்கு வாங்கிய செருப்பு இருந்தது. போட்டுப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. அவன் கடைசி விடுமுறையில் பார்த்த காலுக்கு வாங்கியது அது."

ஒதீல் பதில் எழுதினார். அந்தப் பெண்ணின் கையை எனக்காக ஒரு தடவை பிடித்துக்கொள்ளுங்கள் என்று சத்யபிரியாவைக் கேட்டிருந்தார். பவுசியா அதைக் கதவுக்குப் பின்னால் இருந்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்.

2011 தேர்தலில் எங்கள் நகராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சத்யபிரியா சேர்மன் ஆனார். அறைக்குள் இரண்டு நாற்காலி போட்டார்கள். சுழல் நாற்காலியில் ரெங்கராஜ். 2013இல் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கொரியாக்காரர்களோடு இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஊரிலிருந்து ஒரு கடிதமும் என் மேசைக்கு வந்ததில்லை. போர்டில் மட்டும் மூன்றாவது பெயர் ஏறியது. உயிரோடு இருந்தது வல்மொரேன் ஒன்றுதான். பவுசியா எழுதிக்கொண்டே இருந்தாள். வேலை இன்னும் தினக்கூலிதான்.

2015 பொங்கலுக்கு வல்மொரேனிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். பத்தாம் ஆண்டு விழா. மேயர், அவர் மனைவி, கமிட்டிக்காரர்கள், அவர்களோடு பாண்டிச்சேரியிலிருந்து தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஒரு கைடு. எழுபத்து நாலு வயசில் ஒதீலும் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. நகராட்சி கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் மொழிபெயர்க்க எங்கள் ஆளே இருக்க வேண்டும் என்று ரெங்கராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மைக்குக்குப் பக்கத்தில் பவுசியா. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒதீல் பேச எழுந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பத்து வருஷக் கடிதங்களைத் தொகுத்து வல்மொரேன் நகரம் அச்சுப் போட்டிருந்தது. அட்டையில் எங்கள் கல்வட்டம், மேலே எழுதியவர் சத்யபிரியா என்று பெயர். ஐந்நூறு வீடுகளில் இது இருக்கிறது என்றார். பவுசியா அதைத் தமிழில் சொன்னாள். கூட்டம் கை தட்டியது. சத்யபிரியா எழுந்து கும்பிட்டார்.

"இதில் ஒரு கடிதத்தை வாசிக்கிறேன்" என்று ஒதீல் பக்கத்தைப் புரட்டினார். வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள் என்று பவுசியா தமிழில் சொன்னாள். அவள் கணவன் வெளிநாட்டில் இறந்துவிட்டான் என்றாள். குரல் உடையவில்லை. நோட்டீஸ் படிக்கிற வேகத்தில் சொல்லிக்கொண்டு போனாள். செருப்பு வரியில் ஒதீல் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். பவுசியா நிறுத்தவில்லை. ஒதீல் இன்னும் வாசிக்காத கடைசி வரியையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டாள். மேடையில் யாருக்கும் அது தெரியவில்லை. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாண்டிச்சேரி கைடு மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

ஒதீல் புத்தகத்தை மூடிவிட்டு ஏதோ கேட்டார். பவுசியா சத்யபிரியா பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு இன்னைக்கு இங்க இருக்காளா, அவளப் பாக்கணும்னு கேக்குறாங்க மேடம்."

அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால்தானே சத்யபிரியாவுக்குத் தெரியும். புருஷன் முகத்தைப் பார்த்தார். ரெங்கராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அது வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருச்சுன்னு சொல்லு" என்றார்.

பவுசியா சொன்னாள். "அவர் சொன்னத அப்படியே சொன்னேன்ணே. கூட்டல, கொறைக்கல" என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் விருந்தாளிகளைக் கல்வட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். நானும் தண்ணீர் பாட்டில் பெட்டியோடு போயிருந்தேன். ஒதீல் பவுசியாவை ஒரு கல்லுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப் போய் நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாசிக்காத வரியை அவள் முந்திச் சொன்னதைக் கைடு அவரிடம் சொல்லியிருக்கிறார். பவுசியா தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்தம்மா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒதீல் பொய்யைத் தாங்குகிற ஆள் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே தன் மேயரிடம் சொன்னார். மேயர் கைடு மூலமாக ரெங்கராஜிடம் கேட்டார். ரெங்கராஜ் சிரித்தார். "டைப் அடிச்சது அந்தப் பொண்ணுதான். விஷயம் எல்லாம் எங்க வீட்டம்மா சொன்னது. தினக்கூலி பாருங்க, நிரந்தரம் பண்ணலன்னு ஒரு மனக்கொறை."

விருந்தாளிகள் போய் ஒரு மாதத்தில் வல்மொரேன் நகரமன்றத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தினக்கூலியை நிறுத்த வாய்வார்த்தை போதும். ஆனால் பிரான்சுக்கு அனுப்ப ஒரு காகிதம் வேண்டுமே. அதற்காக விசாரணை வைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர் முன்பு நகராட்சியின் மாண்பைக் குலைத்தாள் என்பது குற்றச்சாட்டு. பவுசியா ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். "என் கையெழுத்தில் எல்லாக் கடிதத்தின் தமிழ் நகலும் தபால் பிரிவு பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கவும்."

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அறையில் ரெங்கராஜும் இருந்தார்.

"சந்தனம், ஒங்க பீரோவுல அப்புடி ஒரு ஃபைல் இருக்கா?"

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தது. என் மகளுக்கு ரெங்கராஜின் உறவுக்கார வீட்டில்தான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். இதெல்லாம் காரணமா என்று இப்போது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

"இல்லைங்க சார்" என்றேன்.

மேனேஜர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, "அந்த இல்லாத ஃபைலச் சாயங்காலம் எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துருங்க" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்று நகல் இருந்தது.

பவுசியா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். "என்னண்ணே கேட்டாங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்" என்றேன்.

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் படியில் அவள் மறுபடி ஏறவே இல்லை. கடிதங்கள் நகர்மன்றத் தலைவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை என்று ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு பதில் போட்டது. அச்சடித்த புத்தகம் ஐந்நூறு வீட்டில் இருக்கும்போது வல்மொரேன் மேயருக்கும் அதை நம்புவதுதான் வசதி. நம்பிவிட்டார். ஒதீல் கமிட்டியிலிருந்து விலகிவிட்டதாகக் கொஞ்ச நாள் கழித்து ஒரு செய்தி வந்தது.

சித்திரையில் ஒரு கவர் வந்தது. எனக்கு நன்றாகப் பழகிய கையெழுத்து. பத்து வருஷமாக மேயர் என்றும் சத்யபிரியா என்றும் வந்துகொண்டிருந்த விலாசத்தில் முதல் தடவையாக மதாம் பவுசியா என்று எழுதியிருந்தது. வீட்டு விலாசம் அந்தம்மாவுக்குத் தெரியாது. நகராட்சி ஆபீஸ் என்றே போட்டிருந்தார். நல்ல கனமாக இருந்தது.

மேனேஜர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பேர்ல இப்ப இங்க யாரும் இல்லையே" என்றார். கவரை என் பக்கம் நீட்டினார். "இல்லைன்னா என்ன செய்வீங்க?"

அப்படி ஒருவர் இங்கே இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும் என்று இங்கிலீஷில் எழுதி, முத்திரை குத்தி, அன்றைக்குத் தபாலிலேயே சேர்த்துவிட்டேன். பவுசியா வீடு ஆபீசிலிருந்து எட்டு நிமிஷ நடை.

2018 ஐப்பசி கடைசியில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கம் தென்னை, பலா, முந்திரி ஒன்று மிச்சமில்லை. இருபது நாள் கரண்ட் இல்லை. மார்கழியில் வல்மொரேன் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சில் இருந்தது. யாரோ செல்போனில் போட்டுப் பார்த்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்கிற மாதிரி தெரிகிறது என்றார்கள். அப்போது தேர்ந்தெடுத்த கவுன்சில் இல்லை, ஆணையர் தலைக்கு மேல் வேலையில் இருந்தார். பவுசியாவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லலாம் என்று ஒரு பியூன் சொன்னான். யார் போவது என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போகவில்லை. கடிதம் பதில் இல்லாமல் கட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை.

2019இல் ஓய்வு பெற்றேன். மகள் கல்யாணம் அந்தச் சம்பந்தத்தில் நடக்கவில்லை. வேறு இடத்தில் நடந்தது.

போன வருஷம் நகராட்சி ஒரு ஆண்டு விழா மலர் போட்டது. நம் ஊரும் வெளிநாட்டு நகரங்களும் என்று ஒரு கட்டுரை வேண்டும், பழைய ஆள் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று என்னிடம் வந்தார்கள். ஒத்துக்கொண்டேன். இந்தத் தடவையாவது பவுசியா பெயரைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளைக் கேட்காமல் போடக்கூடாது என்று தேடிப் போனேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். பாஸ்போர்ட், விசா விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கிற இடம். ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் பவுசியா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஜெய்னப் திருச்சியில் நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாளாம். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். முன்னால் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள்.

மலர் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் ஃபைலைப் பற்றிச் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்ததுதான், கீபோர்டில் கை நிற்கவில்லை. அப்புறம் அந்தக் கவரைச் சொன்னேன். திருப்பி அனுப்பியது நான்தான் என்றேன்.

கை நின்றது. "எனக்கா? எம் பேருக்கா வந்துச்சு?"

"ஆமாம்மா."

"எத்தன பக்கம் இருக்கும்?"

"பிரிக்கல. கனமா இருந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றினாள். "கல்வட்டத்துல வச்சு, ஒனக்கு எழுதுறேன்னு சொல்லிட்டுப் போனாங்கண்ணே. ரெண்டு வருஷம் பார்த்தேன். எழுதல. சரி, நம்மளும் அவுங்களுக்குப் பொய்தானே எழுதுனோம், கோவமா இருப்பாங்கன்னு விட்டுட்டேன். நானும் எழுதல. வெக்கமா இருந்துச்சு." குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "கொரோனா வந்தப்ப அவுங்க மௌத்தாயிட்டாங்க. அந்த ஊர்ப் பேப்பர்ல போட்டுருந்தத நெட்ல பார்த்தேன். நான் அவுங்களத் திருப்பி அனுப்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாங்க."

"மலர்ல ஒம் பேரப் போட்டுர்றேம்மா. நடந்தத எல்லாம் எழுதிர்றேன்" என்றேன்.

"வேணாம்ணே."

"ஏம்மா?"

"படிக்க வேண்டியவங்க படிக்க முடியாது. இங்க இருக்குறவங்க படிச்சு எனக்கு என்ன ஆகப் போவுது. ஒங்களுக்குத்தான் மனசு லேசாகும்." வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்து, "நீங்க வாங்க பாய், ஆதார் வச்சிருக்கீங்களா" என்று கூப்பிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தேன்.

கட்டுரையை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் சொன்னபடி அவள் பெயரைப் போடவில்லை. கடிதங்களை யார் எழுதியது என்ற இடத்தை அப்படியே விட்டிருந்தேன். பத்து நாள் கழித்துப் பிழை பார்த்துத் தரச் சொல்லி அச்சுத் தாளை அனுப்பினார்கள். மூன்று பக்கம் முக்கால் பக்கம் ஆகியிருந்தது. பிரெஞ்சு நகரத்துடனான கடிதப் போக்குவரத்தைப் பத்தாண்டுகள் தன் கைப்பட நடத்திய பெருமை திருமதி சத்யபிரியா ரெங்கராஜ் அவர்களையே சாரும் என்று நடுவில் ஒரு வரி சேர்ந்திருந்தது. கட்டுரைக்கு அடியில் என் பெயர்.

ஒரு ராத்திரி வைத்திருந்தேன். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில், பிழை எதுவும் இல்லை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.